சாய்வு நாற்காலியும் சோற்றுக் கணக்கும்

“செல்வர் யார்?” என்று முற்காலத்தில் நம் ஊர்களில் ஒருவர் கேட்டிருந்தால், விடை சொல்ல நெடுநேரம் ஆகியிருக்காது. கைநீட்டி ஒரு வீட்டைக் காட்டியிருப்பார்கள். தேக்கில் இழைத்த நிலைக்கதவு, நெல் நிறைந்த பத்தாயம், முற்றத்தில் கைகட்டி நிற்கும் இரண்டு மூன்று ஆட்கள், திண்ணையில் ஒரு சாய்வு நாற்காலி. அவ்வளவே. அந்த வீட்டுக்கு ஒரு பெயர் உண்டு. அதில் இருப்பவருக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் அப்பெயரைச் சொல்லி அழைக்கும் துணிவு ஊரில் பலருக்கு இல்லை.

இன்று அதே கேள்விக்கு எண்களே விடையாக வருகின்றன. 2022-ஆம் ஆண்டின் உலகச் சமத்துவமின்மை அறிக்கை, மேல்நிலையிலுள்ள பத்து விழுக்காட்டினர் உலகின் மொத்தச் செல்வத்தில் 76 விழுக்காட்டை வைத்திருக்கின்றனர் என்றும், கீழ்ப்பாதி மக்கள் அனைவருக்கும் சேர்த்து 2 விழுக்காடே உள்ளதென்றும் கூறிற்று. நம் நாட்டைப் பற்றி, பொருளியல் அறிஞர் தாமஸ் பிக்கெட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு, 2022-23-இல் மேல்நிலை ஒரு விழுக்காட்டினரிடம் நாட்டின் செல்வத்தில் 40.1 விழுக்காடும் வருமானத்தில் 22.6 விழுக்காடும் இருந்ததாகக் கணக்கிட்டது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில்கூட வருமானம் இவ்வளவு குவிந்திருக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. இவற்றைப் படிக்கும்போது நெஞ்சு ஒரு கணம் துணுக்குறுகின்றது. மறுகணம் தாளைப் புரட்டி விடுகின்றோம். எண்ணுக்கு முகம் இல்லை. அதனிடம் சினம் கொள்ளவும் முடிவதில்லை, இரக்கம் கொள்ளவும் முடிவதில்லை.

ஆகவே எண்களைச் சற்று ஒதுக்கி வைத்து, முகங்களைக் காட்டும் நூல்கள் சிலவற்றிடம் போகலாம் என்று கருதுகின்றோம். வெகுதொலைவு போக வேண்டியதில்லை. 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த இந்தச் சின்னஞ்சிறு கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்ப் புனைகதைக்கு அளித்திருக்கும் கொடை, அதன் நிலப்பரப்புக்குச் சற்றும் பொருந்தாத அளவு பெரியது. ஹெப்சிபா ஜேசுதாசன், சுந்தர ராமசாமி, தோப்பில் முகமது மீரான், நாஞ்சில் நாடன், ஜெயமோகன் எனப் பெயர்கள் நீளுகின்றன. (நாஞ்சில் நாடு என்பது உண்மையில் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களுக்கே உரிய பெயர், விளவங்கோட்டாரும் கல்குளத்தாரும் நம்மோடு சண்டைக்கு வரக்கூடும். மாவட்டம் முழுமைக்குமாக அப்பெயரை ஆளும் இக்கால வழக்கத்தையே இங்கு கைக்கொள்ளுகின்றோம்.) இவ்வெழுத்தாளர்களின் நூல்களை நாம் இதுவரை சாதிக் கதை என்றும், சமயச் சமுதாயத்தின் கதை என்றும், காதல் கதை என்றும் பிரித்துப் படித்து வந்திருக்கின்றோம். அண்மையில் அவற்றுள் சிலவற்றை அடுத்தடுத்து மீண்டும் படிக்க நேர்ந்தபோது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு பணக்கார வீடு நடுவில் நிற்பதையும், அதன் வாசலில் யாரோ ஒருவர் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதையும் கண்டோம். அந்த வீடுகள் செல்வத்தைப் பற்றி என்ன சொல்லுகின்றன என்பதைக் கேட்பதோடு, அவற்றோடு சிறிது வழக்காடவும் இங்கே முற்படுகின்றோம்.

முதலில் ‘சாய்வு நாற்காலி’. தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்து, மிளகாய் வற்றல் வணிகத்தில் காலங்கழித்து, 2019-இல் மறைந்த தோப்பில் முகமது மீரானுக்கு 1997-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்த நாவல். சவுதா மன்ஸில் என்னும் பழம்பெரும் மாளிகையில் முஸ்தபாக்கண்ணு என்பவர் முன்னோர் விட்டுச் சென்ற சாய்வு நாற்காலியில் கிடக்கின்றார். மார்த்தாண்ட வர்மா மகாராசா காலத்துப் பெருமை அந்தக் குடும்பத்துக்கு உண்டு. அந்தப் பெருமையைத் தவிர இப்போது வேறு வரும்படி இல்லை. அவர் உழைப்பதில்லை, உழைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றுவதில்லை. நாவுக்கு ருசியாக உண்ண வேண்டும் என்ற ஆசை மட்டும் சிறிதும் குறையவில்லை. அதற்காக வீட்டிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. பாத்திரம் போகின்றது, மரச்சாமான் போகின்றது, முன்னோர் இழைத்து இழைத்துச் செய்வித்த வேலைப்பாடுகள் போகின்றன. ஒரு மனிதர் தம் வீட்டையே நாளொன்றுக்குக் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும் காட்சியை இவ்வளவு நகைச்சுவையோடும் இவ்வளவு அச்சத்தோடும் காட்டிய நூல் தமிழில் வேறொன்று உண்டா என்று ஐயுறுகின்றோம்.

ஆனால் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது அந்த விற்பனை அன்று. எல்லாம் விற்றுப்போன பின்பும் முஸ்தபாக்கண்ணு பணக்காரராகவே இருக்கின்றார் என்பதே. பணம் இல்லாத பணக்காரர்! அவர் குரலில் ஏவல் குறையவில்லை. வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கப் பரம்பரையாக வந்த அதபுப் பிரம்பு இன்னும் அவர் கையில் இருக்கின்றது. மனைவி மரியம் பீவி எப்படியோ அடுப்பை எரியவைக்க வேண்டும். அது எப்படி என்று அவர் கேட்கமாட்டார். வெல்லம் காய்ச்சுகையில் நீர் வற்றியபின் கொப்பரையில் அடிப்பிடித்து நிற்பது எதுவோ அதுவே சாற்றின் இயல்பைச் சொல்லும். சவுதா மன்ஸிலில் செல்வம் வற்றியபின் அடியில் தங்கியவை இரண்டு: பிறர் தமக்குப் பணிசெய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, பணிசெய்பவரின் பசியைக் காணாதிருக்கும் ஆற்றல். அப்படியானால் அந்த வீட்டில் நெல்லும் பொன்னும் கொழித்திருந்த நாளிலும் செல்வம் என்பது இவ்விரண்டாகவே இருந்திருக்க வேண்டும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் நம்மைப் பெரும்பாலும் அந்த நாற்காலியின் அருகிலேயே நிற்கவைக்கின்றார். அடுக்களையிலிருந்து, மரியம் பீவியின் பக்கமிருந்து, அந்த வீட்டை நாம் நீண்டநேரம் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் நகைச்சுவை குறைந்திருக்கும். நாவல் இன்னும் கனத்திருக்கும்.

அடுத்து ‘புத்தம் வீடு’. திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் வெளியிட்டது. நம் சீர்திருத்தத் திருச்சபைச் சகோதரர்களின் வாழ்வைச் சொல்வதாலோ என்னவோ, கத்தோலிக்க வாசகர் பலர் இதனைப் படித்ததில்லை. வருந்தத்தக்க செய்தி. பனைவிளை என்னும் சிற்றூரில் கண்ணப்பச்சி என்ற முதியவரின் வீடு அது. பேத்தி லிஸி வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைக்கப்படுகின்றாள். அந்த வீட்டுப் பனைகளில் ஏறும் அன்பையனின் மகன் தங்கராஜ் மீது அவள் மனம் செல்லுகின்றது. இரு குடும்பத்தாரும் ஒரே சமுதாயத்தார். ஒரே கோவிலில் ஒரே கடவுளை வணங்குவோர். ஆயினும் நடுவே ஒரு பனைமரம் நிற்கின்றது.

இந்த நாவலைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் நமக்கு எழும் வியப்பு, அந்தச் செல்வம் எவ்வளவு சிறியது என்பதே. சில பனைகள், கொஞ்சம் விளைநிலம், பழைய வீடு, அதன்மேல் ஒரு பழைய மதிப்பு. இன்றைய கோடீசுவரர் ஒருவர் அதனைச் செல்வம் என்றே எண்ணமாட்டார். எனினும் மரம் உடையவருக்கும் மரம் ஏறுபவருக்கும் இடையே இருந்த தூரம், இன்றைய கோடீசுவரருக்கும் அவர் காரோட்டிக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைந்ததன்று. நம் முன்னோருள் பனையேறியவர் பலர். நாளுக்கு இருமுறையாவது ஒவ்வொரு மரத்திலும் ஏறிப் பாளை சீவி அக்கானி இறக்கி வந்த அந்த உழைப்பின் கடுமை நம் குடும்ப நினைவுகளில் இன்னும் இருக்கின்றது. மரத்தின் உச்சிக்கு ஏறுபவன் கீழானவன், மரத்தடியில் நிற்பவர் மேலானவர் என்ற வழக்கத்தில் உள்ள விந்தையை யாரும் கேட்டதில்லை. ஹெப்சிபா அம்மையாரும் உரத்துக் கேட்கவில்லை. லிஸி சன்னல் வழியாகத் தங்கராஜைப் பார்க்கும் பார்வையிலேயே அந்தக் கேள்வியை வைத்துவிடுகின்றார். உரத்துக் கேட்டிருந்தால் இவ்வளவு நாள் நிலைத்திருக்காது.

தங்கராஜ் மீது கொலைப்பழி விழுந்து, பல துன்பங்களுக்குப் பின் இருவரும் இணைகின்றனர். இம்முடிவு எளிதாக வந்துவிட்டது என்று குறைகூறுவோர் உண்டு. நமக்கு அக்குறை தோன்றவில்லை; அந்த மணத்துக்குரிய விலையை லிஸி பக்கம் பக்கமாகச் செலுத்தியிருக்கின்றாள். நம் குறை வேறு. மணம் நடந்தது, சரி. அப்புறம் அந்தப் பனைகளில் ஏறியவர் யார்? ஒருவன் வாசலைக் கடந்து உள்ளே வந்துவிட்டான். வாசல் அங்கேயே இருக்கின்றது.

மீரானின் முதல் நாவலான ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) பற்றிப் பலரும் எழுதிவிட்டனர்; நாம் ஒன்றை மட்டும் தொட்டுச் செல்லுகின்றோம். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளிக்கு ஊரே நடுங்குகின்றது. அவரோ, ஊருக்கு வரவிருக்கும் பள்ளிக்கூடத்தைக் கண்டு நடுங்குகின்றார். ஏழை தம் தென்னந்தோப்பைப் பறித்துக்கொள்வான் என்ற அச்சம் அவருக்கு இல்லை. ஏழையின் பிள்ளை ஆங்கில எழுத்தைப் படித்துவிடும் என்பதே அச்சம். அதனைத் தடுக்கச் சமயத்தையும் துணைக்கு அழைக்கின்றார். எதிர்த்துப் பேசுபவர் ஒரு சுறாப்பீலி வணிகர். இந்த இடத்தில் கிறிஸ்தவர்களாகிய நாம், பள்ளிகளை நாமே கட்டினோம் என்று மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நாம் கட்டிய பள்ளிகளில் இன்று யார் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கின்றது, எந்தத் தொகைக்குக் கிடைக்கின்றது என்று அந்தச் சுறாப்பீலி வணிகர் வந்து கேட்டால், விடை சொல்ல நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977) நாவலில் வாசலுக்கு உள்ளே நுழைந்தவனின் நிலையைக் காணலாம். படித்த ஏழை இளைஞன் ஒருவன் பணக்கார வீட்டில் பெண்ணெடுத்து, மாமனார் வீட்டுப் பணத்தின் முன் நாளும் குன்றிப்போகின்றான். ‘சொல்ல மறந்த கதை’ என்று 2002-இல் திரைப்படமாகவும் வந்தது. சீதனம் என்ற ஒன்றினால் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் தம்மைத் தாமே எவ்வாறு விலைபேசிக் கொள்ளுகின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். மேலே குறித்த உலக அறிக்கை, கீழ்ப்பாதி மக்களில் வயதுவந்த ஒருவரின் சராசரிச் சொத்து, வாங்குதிறன் ஒப்பிட்டால், 2,900 யூரோ என்று கணக்கிட்டது. நம் பங்குகளில் மணமேடையில் நிற்கும் பல பெண்களின் கழுத்தில் கிடப்பதைவிட அது குறைவு. உலகக் கணக்கில் நாம் எந்தப் பக்கம் நிற்கின்றோம் என்பதை அறிய அமெரிக்காவைப் பார்க்க வேண்டியதில்லை. நம் திருமண ஒளிப்படங்களைப் பார்த்தால் போதும்.

இனி நம் வழக்குக்கு வருவோம்.

இந்த நாவல்களில் பெரும்பாலும் பெரிய வீடு சாய்கின்றது. சவுதா மன்ஸில் சாய்கின்றது. வடக்கு வீடு சாய்கின்றது. புத்தம் வீடு கதை தொடங்கும்போதே சாய்ந்துகொண்டுதான் இருக்கின்றது. சோம்பலால், குடியால், ஊதாரித்தனத்தால், ஆணவத்தால் வீடு அழிகின்றது. வாசகர் நூலை மூடும்போது ஒருவகை அமைதி பெறுகின்றார். ஆ, செல்வம் நில்லாது! தமிழரின் அறநூல்கள் நெடுங்காலமாக நமக்குச் சொல்லிவந்த ஆறுதல் அது. நாலடியாரின் முதல் அதிகாரமே செல்வம் நிலையாமை என்பது அன்பர்கள் அறிந்ததே. நம் மறையுரைகளிலும் அந்தக் குரல் அடிக்கடி ஒலிக்கின்றது.

அந்த ஆறுதல் உண்மைதானா? ஒரு வீட்டின் செல்வம் நில்லாமற் போகலாம். செல்வம் என்பது நன்றாகவே நிற்கின்றது. வீடு மாறி நிற்கின்றது. பிக்கெட்டி குழுவினரின் நூறாண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால், விடுதலைக்குப் பின்னான சில பத்தாண்டுகளில் மேல்நிலையினரின் பங்கு குறைந்து வந்ததையும், 1980-களிலிருந்து மீண்டும் ஏறி, 2000-க்குப் பின் விரைந்து உயர்ந்ததையும் காணலாம். நிலையாமை என்னும் விதி உண்மையில் ஏழைகளிடம் மட்டுமே கண்டிப்பாக நடந்துகொள்ளுகின்றது. ஒரு மருத்துவமனைச் செலவு, ஒரு புயல், ஒரு வேலையிழப்பு போதும். அவர்களிடம் இருந்தது போய்விடும்.

மேலும், பழைய வீடுகள் சாய்ந்தது ஊழினாலோ குடியினாலோ மட்டுமன்று. நம் மண்ணின் வரலாறு அதைச் சொல்லும். 1855-இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1859-இல் தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக மேலாடை உரிமை ஒருவாறு கிட்டியது. ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. விடுதலைக்குப் பின் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. பனையேறியின் மகன் ஆசிரியரானான். பேரன் வளைகுடாவுக்குச் சென்றான். கைகட்டி நின்றவர்கள் கையை அவிழ்த்துக்கொண்டு போனதால்தான் திண்ணை வெறிச்சோடியது. முஸ்தபாக்கண்ணுவின் பத்தாயம் வெறுமையானது அவர் சோம்பலால் என்று நாவல் சொல்லுகின்றது. அவர் பாட்டனாரும் சோம்பேறியாகத்தானே இருந்திருப்பார்? பாட்டனாருக்கு உழைத்துக் கொடுக்க ஆள் இருந்தது, பேரனுக்கு இல்லை. இந்த வேறுபாட்டை நம் நாவலாசிரியர்கள் அறிந்தேயிருக்கின்றனர். ஆங்காங்கே குறிப்பும் தருகின்றனர். ஆயினும் கதையின் ஓட்டம் என்னவோ, ஒரு வீட்டின் ஒழுக்கக்கேடும் அதற்குரிய தண்டனையும் என்ற பழைய தடத்திலேயே செல்லுகின்றது.

ஆண்டவர் இயேசு சொன்ன பணக்காரர், இலாசர் உவமையை இவ்விடத்தில் நினைவுகூருவது பொருந்தும் (லூக்கா 16). அந்தச் செல்வர் திருடியதாகவோ, குடித்துக் கெட்டதாகவோ, யாரையும் அடித்ததாகவோ உவமையில் ஒரு சொல் இல்லை. அவர் வீடு சாயவும் இல்லை. நன்றாக உடுத்தி, நன்றாக உண்டு, முறைப்படி அடக்கம் செய்யப்படுகின்றார். வாசலில் ஒருவன் கிடந்தான். அவ்வளவே அவர்மேல் உள்ள வழக்கு. நம் நாவல்கள் பணக்காரரை ஏதேனும் ஒரு தீமையில் பிடிக்கப் பார்க்கின்றன. உவமையோ அவரைத் தீமை ஏதும் செய்யாத வேளையில் பிடித்துவிடுகின்றது.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் வெளியிட்ட ‘மக்களின் முன்னேற்றம்’ சுற்றுமடலில், தூய அம்புரோசியாரை மேற்கோள் காட்டி, ஏழைக்குக் கொடுப்பவர் தம்முடையதைக் கொடுக்கவில்லை, அவனுடையதைத் திருப்பித் தருகின்றார் என்ற கருத்தை வலியுறுத்தினார். திருத்தந்தை பதினான்காம் லியோ ஏழையர்பால் அன்பு குறித்து 2025 அக்டோபரில் வெளியிட்ட மடலும் அதே மரபில் வருவது. கருத்து பழையது, அதற்கு உருவம் கொடுத்த தமிழ்க்கதை உண்டா என்று தேடினால், ஒன்று உண்டு. ஜெயமோகனின் ‘அறம்’ தொகுதியில் (2011) உள்ள ‘சோற்றுக் கணக்கு’.

கதை எளிது. நம் மாவட்டத்து ஏழை இளைஞன் ஒருவன் திருவனந்தபுரத்தில் கல்லூரிப் படிப்புக்குச் செல்லுகின்றான். மாமா வீட்டில் தங்குகின்றான். மாமி அவனுக்கு அளந்தே சோறு போடுகின்றாள்; ஒவ்வொரு பிடியும் கணக்கில் ஏறுகின்றது. பின் சாலைக் கடைத்தெருவில் கெத்தேல் சாகிப் நடத்தும் உணவுக்கடையைக் கண்டடைகின்றான். அங்கே உண்டவர் இவ்வளவு தர வேண்டும் என்பதில்லை. ஓர் உண்டியல் இருக்கின்றது. விரும்பியதைப் போடலாம், போடாமலும் போகலாம். சாகிப் யாரையும் பார்ப்பதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. கறியையும் மீனையும் மேலும் மேலும் இலையில் வைத்துக்கொண்டே போகின்றார். படிப்புக்காலம் முழுதும் இளைஞன் அங்கே உண்கின்றான்.

கதையின் உயிர் இதற்குப் பின்னால் வருகின்றது. வேலை கிடைத்தபின் அவன் பெருந்தொகையை எடுத்துச் சென்று உண்டியலில் போடுகின்றான். மீண்டும் போடுகின்றான். சாகிப் ஒருமுறையேனும் திரும்பிப் பார்ப்பார், ஒரு முறுவல், ஒரு தலையசைப்பு என்று உள்ளம் எதிர்பார்க்கின்றது. அவர் பார்க்கவில்லை. நேற்று எப்படிப் பரிமாறினாரோ அப்படியே இன்றும். அந்தப் புறக்கணிப்பில்தான் இளைஞனுக்குக் கண் திறக்கின்றது. கொடுத்தவனாகத் தன்னை ஒருவர் காண வேண்டும் என்ற ஆசையும் கணக்கின் ஒரு பகுதியே. இவ்விடத்தில் நூலைச் சற்று மூடி வைத்துவிட்டு, நம் ஆலயங்களின் தூண்களிலும் கொடிமரங்களிலும் சுற்றுச்சுவர்களிலும் பதித்த பளிங்குக் கற்களை நினைத்துப் பார்த்தோம். இன்னார் நினைவாக இன்னார் உபயம். சில இடங்களில் தொகையும் உண்டு. திருவிழாவில் ஒலிபெருக்கி வழியாக நன்கொடைப் பட்டியல் படிக்கும் வழக்கமும் உண்டு. ஐந்நூறு ரூபாய் கொடுத்த மீனவப் பெண்ணின் பெயர் எத்தனையாவதாக வருகின்றது என்பதை அன்பர்கள் கவனித்திருக்கலாம்.

இக்கதையைப் பலரும் கெத்தேல் சாகிபின் கதையாகப் போற்றுகின்றனர். நமக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. சாகிப் மலைபோன்ற மனிதர்; ஏறக்குறைய ஒரு புனிதர். புனிதரைக் கண்டு வியந்துவிட்டு, ‘அது அவரால் மட்டுமே முடியும்’ என்று நாம் வீடு திரும்புவது எளிது. கதையின் மெய்யான வலிமை மாமியிடம் இருக்கின்றது என்போம். அவள் கெட்டவள் அல்லள். அவள் வீட்டில் சோறு குறைவு. இருப்பதை அளந்து போட்டே தன் பிள்ளைகளை வளர்க்க வேண்டியவள். சாகிபின் அளவின்மையும் மாமியின் அளவும் ஒரே பசியின் இரு முகங்கள். பிற்காலத்தில் மாமா இறந்து, அந்த வீடு நலிந்து நிற்கின்றது. அவனுக்கோ வேறு நல்ல இடங்களில் பெண் பேசப்படுகின்றது. அவன் மாமியின் மகள் ராமலட்சுமியை மணக்க முடிவு செய்கின்றான். வாங்கிய கடனை வாங்கிய இடத்தில் அடைக்க முடியாது என்று கண்டவன், அதைத் தனக்கு எண்ணி எண்ணிப் போட்ட வீட்டில் சென்று அடைக்கின்றான். இதுவரை நாம் கண்ட வீடுகளில் செல்வர் என்று சொல்லத்தக்க முதல் ஆளை இங்கேதான் காண்கின்றோம். அவன் கையில் மாதச் சம்பளத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதே தொகுதியில் ‘நூறு நாற்காலிகள்’ என்னும் கதையும் உண்டு. நாயாடி குலத்தில் பிறந்து ஆட்சிப்பணி அதிகாரியாகிவிட்ட மகனை, நாற்காலியில் உட்காராதே என்று அஞ்சித் தடுக்கின்றாள் பிச்சையெடுத்தே வாழ்ந்த தாய். முஸ்தபாக்கண்ணுவின் நாற்காலியையும் இந்த நாற்காலியையும் அருகருகே போட்டுப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு எழத் தெரியவில்லை. மற்றவனுக்கு உட்கார முடியவில்லை. நம் கடற்கரையிலும் இவ்வகைச் சொல் ஒன்று வழங்கியது. பரதவ சமுதாயத்தில் வசதி படைத்தோர் மேசைக்காரர் எனப்பட்டனர். மேசையில் அமர்ந்து உண்பவர் ஒரு வகுப்பு, ஏனையோர் மற்றொரு வகுப்பு! தூத்துக்குடிப் பரதவரின் வாழ்வை 1914 முதல் 2000 வரை விரித்துச் சொல்லும் ஜோ டி குருஸின் ‘கொற்கை’ (2009) நாவலில் இந்தப் பிளவு நன்கு பதிவாகியுள்ளது.

அவருடைய முதல் நாவலான ‘ஆழி சூழ் உலகு’ (2004) நம் மாவட்ட எல்லைக்கு வெளியே, உவரிப் பக்கத்துக் கரையை நினைவூட்டும் ஆமந்துறையில் நிகழ்வது. ஆயினும் கடலுக்கு மாவட்ட எல்லை இல்லை. புயலில் சிக்கி நடுக்கடலில் மிதக்கும் மூவரில், மூத்தவர் இருவர் இளையவன் ஒருவன் பிழைக்கவென்று தம்மையே கைவிடுகின்றனர். அந்தப் பகுதிகளை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலுக்குப் பின் படித்தவர்களுக்கு விளக்கம் எதுவும் வேண்டியிராது. தூத்தூர் முதல் குளச்சல் வரையிலான பங்குகளில் எத்தனை வீடுகளில் காத்திருந்தார்கள் என்பதை நாம் அறிவோம். பிடித்த மீனைப் படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பங்கிடும் கடற்கரை முறையில் அநீதி உண்டு. கடன்பட்டவனின் மீன் கடன் கொடுத்தவர் சொன்ன விலைக்கே போகும் கொடுமையும் உண்டு. எனினும் பங்கிடுபவரும் பங்கு பெறுபவரும் ஒரே மணலில் நிற்கின்றனர். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியும்.

அதுவும் மாறிவருகின்றது. நம் கரைகளிலிருந்து ஈரானுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று, அந்நாட்டு முதலாளிகளின் படகுகளில் மீன்பிடிக்கும் இளைஞர் பலர். 2020-இல் கொரோனாத் தொற்றின்போது அவர்களிற் பலர் திரும்ப வழியின்றித் தவித்தனர். இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 700 பேரை ஏற்றிக்கொண்டு அவ்வாண்டு ஜூலை முதல் நாள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது; அவர்களுள் தமிழக மீனவரே மிகுதி. இலாசர் கிடந்த வாசல் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். நம் இளைஞனின் வாசல் எந்த நாட்டில் இருக்கின்றது? அவன் பிடித்த மீன் எந்த மேசைக்குப் போயிற்று? நம் மலைகள் கற்களாகப் பெயர்ந்து லாரிகளில் எல்லை கடந்து போகின்றன. அந்தப் பணம் எந்தப் பத்தாயத்தில் சேருகின்றது? இவற்றைக் கேட்கும் நாவல் இந்த மாவட்டத்திலிருந்து இன்னும் வரவில்லை. வந்தால் அதில் சாயும் வீடு இராது, சாய்வு நாற்காலி இராது. கோபிப்பதற்கு ஒரு முதலாளியின் முகம்கூடக் கிடைக்காமல் எழுத்தாளர் திண்டாடுவார். எழுதுவது கடினம். ஆனால் நாம் தொடக்கத்தில் ஒதுக்கி வைத்த அந்த எண்களுக்கு முகம் தரும் வேலை வேறு யாருக்கும் உரியதன்று.

அதுவரை, இருப்பவற்றையாவது படிப்போம். இங்கு குறித்த நூல்கள் கடைகளில் கிடைக்கின்றன. பங்கு நூலகங்களில் இல்லையென்றால் வாங்கி வைக்கலாம். பெரிய நாவல்களைக் கண்டு அஞ்சுவோர் ‘சோற்றுக் கணக்கி’லிருந்து தொடங்கலாம். சிறுகதைதான், அன்பியக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடும். நாம் ஓரிடத்தில் அவ்வாறு வாசிக்கக் கேட்டோம். முடிந்ததும் ஒரு மூதாட்டி கேட்ட கேள்வி ஒன்றே: “அந்த மாமிக்கு அதுக்கப்புறமாவது வயிறார சோறு கெடச்சுதா?”